பால் டின் அனுப்பலாமா?



ஒரு சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். எச்.ஐ.வி. உள்ள தாய்மாரின் குழந்தைகளுக்காகப் பால் பவுடர் டின்கள் சேகரித்திருப்பதாகவும், அவற்றை மேட்டுப்பாளையத்திற்கு அனுப்பலாமா என்றும் கேட்டிருந்தார்கள். அவர்களுடைய அன்புக்காகக் கர்த்தரைத் துதிக்கிறேன். ஆனாலும், "அனுப்ப வேண்டாம் அம்மா" என்றே பதில் எழுதினேன். அதன் காரணத்தை நீங்கள் யாவரும் அறிவது நல்லது.

1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். இக்கிருமி தாய்ப்பால் வழியாகவும் பரவும் என்று தெரிந்தபோது, பால் கொடுக்காமல் இருப்பதே பாதுகாப்பு என்று பலரும் எண்ணினார்கள். ஆனால் ஏழை வீடுகளில் புட்டிப்பால் வேறொரு ஆபத்தைக் கொண்டுவந்தது. சுத்தமில்லாத தண்ணீராலும், காசு போதாமல் நீர்க்கக் கரைத்த பாலாலும் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் மடிந்தார்கள். 2006-ல் ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவில் பெருமழைக்குப் பின் இப்படி இறந்த குழந்தைகளில் மிகுதியானோர் தாய்ப்பால் குடிக்காதவர்களே.

1999-ல் தென் ஆப்பிரிக்காவின் டர்பன் நகரிலிருந்து வெளியான ஆய்வு இன்னொரு உண்மையைக் காட்டியது. தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகளைவிட, தாய்ப்பாலோடு வேறு ஆகாரமும் சேர்த்துப் பெற்ற குழந்தைகளுக்கே தொற்று அதிகம்.

இன்று நல்ல மருந்து உண்டு. சிகிச்சை இல்லாவிட்டால் நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்று வரலாம். தாய் தினமும் தவறாமல் ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிட்டு, குழந்தைக்கும் தடுப்பு மருந்து கொடுத்தால், அது 5-க்கும் கீழே குறைகிறது. ஆகையால் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு இணை உணவோடு ஓராண்டும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பதே இப்போதைய ஆலோசனை. குழந்தைக்கு ஆறாம் வாரம் தொடங்கி 18-ஆம் மாதம் வரை பரிசோதனைகள் உண்டு.

"மட்டும்" என்ற அந்தச் சொல்லில்தான் போராட்டம். பிறந்தவுடன் சேனை தொட்டு வைக்கப் பாட்டி காத்திருக்கிறார். உரை மருந்து, சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர் என்று ஒவ்வொன்றாக வருகின்றன. தன் நிலையை வீட்டில் சொல்லாத மருமகள் எப்படித் தடுப்பாள்? தொழிற்பேட்டையில் வேலைக்குப் போகிறவள் பகலில் எப்படிப் பால் கொடுப்பாள்? எப்போதாவது வேறு ஆகாரம் கொடுத்துவிட்டாலும், பயந்து தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம், மாத்திரையை விட வேண்டாம் என்று அவளுக்குத் தைரியம் சொல்ல வேண்டும்.

சில தாய்மார் யோசித்து, பவுடர் பாலையே தெரிந்துகொள்கிறார்கள். அவர்களைக் கடிந்துகொள்ளலாகாது. கொதித்து ஆறிய தண்ணீரில் சரியான அளவில் கரைத்து, பாலாடையில் புகட்டக் கற்றுக்கொடுக்க வேண்டும். விவரம் சொல்வது நம் கடமை, தீர்மானம் பெற்றோருடையது.

டின்களை ஏன் மறுத்தேன்? 1992-ஆம் ஆண்டின் குழந்தைப்பால் மாற்றுப் பொருள் சட்டப்படி, அநாதை இல்லங்களுக்குத் தவிர வேறு யாருக்கும் அவற்றைத் தானமாகக் கொடுக்கக்கூடாது. மேலும், ஒரு வீட்டுக்கு மாதாமாதம் டின் போனால் தெருவே காரணம் கேட்கும். ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்லுகிறது.

யாத்திராகமத்தை நினைத்துப் பாருங்கள். நாணற்பெட்டியில் பிள்ளையைக் கண்ட பார்வோன் குமாரத்திக்குச் செல்வம் இருந்தது. அப்படியிருந்தும் பிள்ளைக்குப் பால் கொடுத்தவள் அதன் சொந்தத் தாய். அரசகுமாரி அவளுக்குச் சம்பளம் கொடுத்தாள். அவள் யாரென்று பிள்ளையின் அக்காள் வாய் திறக்கவில்லை.

நாம் செய்யவேண்டியதும் இதுவே. மாத்திரை வாங்கப் போக பஸ் கட்டணம், அன்றைய கூலி இழப்புக்கு ஈடு, தாய்க்கு முட்டையும் பயறும், கணவனும் மனைவியும் சேர்ந்து வந்து பேச ஒரு தனி அறை: இவற்றுக்கு உங்கள் காணிக்கை உதவட்டும். பெயர் கேளாமல் கொடுங்கள். பெயர் அறியாமலே ஜெபியுங்கள். அவர்களைக் கர்த்தர் அறிவார்.

உங்கள் ஊழியன்,
மருத்துவமனைப் போதகர்