வகுப்பில் எத்தனை பிள்ளைகள்?



நான் ரயில்வேயில் 36 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். படித்தது மெக்கானிக்கல் டிப்ளமோ. ஆசிரியர் பயிற்சி பெற்றவன் அல்ல. அணுசக்தி நகரில் மகனுடைய குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு, ஞாயிறுதோறும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்து வருகிறேன். அந்த வகுப்பில் நான் செய்த ஒரு தவறுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

முதலில் இரண்டு பிரிவுகளாக வகுப்பு நடந்தது. ஒன்றில் 16 பிள்ளைகள், மற்றதில் 15. இரண்டாவது பிரிவை நடத்திய சகோதரி, கணவருக்கு மாற்றலானதால் கல்பாக்கம் போய்விட்டார். "இரண்டையும் சேர்த்துவிடலாம், 31 பேர்தானே, நான் சமாளித்துக்கொள்கிறேன்" என்று கமிட்டியில் சொன்னவன் நானே.

நான்கு மாதம் வகுப்பு கலகலப்பாக நடந்தது. நான் ஒரு வரி படிப்பேன். பிள்ளைகள் சேர்ந்து சொல்வார்கள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் குழந்தையின் குரல் எல்லோரையும் விட ஓங்கிக் கேட்கும். அவள் நன்றாகப் படிக்கிறாள் என்றே நம்பியிருந்தேன். ஒரு மழை நாளில் ஆறு பிள்ளைகள் மட்டும் வந்தார்கள். ஒவ்வொருவராகப் புதுப் பக்கம் ஒன்றைப் படிக்கச் சொன்னேன். 'கொடி' என்ற சொல்லை அக்குழந்தை 'கெரடி' என்று படித்தாள். 'கொக்கு', 'கெரக்கு' ஆயிற்று. 'கா' சரியாக வந்தது. முன்னால் கொம்பும் பின்னால் காலும் சேர்ந்து வரும் இடத்தில்தான், அந்தத் துணைக்காலை 'ர' என்று எடுத்துக்கொண்டு தடுமாறினாள். மற்றப் பாடங்களையெல்லாம் அதுவரை காதால் கேட்டு மனப்பாடமாகவே சொல்லி வந்திருக்கிறாள்.

தவறைத் திருத்தப் பத்து நிமிடம் ஆனது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு மாதம் ஆனது. குறை அந்தக் குழந்தையிடம் இல்லை. 31 பேரை ஒரே கூட்டமாக உட்கார வைத்த என்னிடம்தான்.

ஒரு சிறு கணக்கு

பள்ளியில் ஒரு பீரியட் 35 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். அதாவது 2,100 விநாடி. வகுப்பில் 50 பிள்ளைகள் இருந்தால் தலைக்கு 42 விநாடி. 25 பிள்ளைகள் என்றால் 84 விநாடி. ஒரு நோட்டைப் பார்த்துத் திருத்த இரண்டு நிமிடம் ஆகுமானால், 50 நோட்டுக்கு 100 நிமிடம் வேண்டும். எந்த ஆசிரியைக்கு அந்த நேரம் இருக்கிறது? எனவே 'சரி' என்று ஒரு குறி போட்டுக் கையெழுத்திட்டு அனுப்பிவிடுகிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

ரயில்வேயில் முன்பெல்லாம் பெட்டியின் ஒவ்வொரு சக்கரத்தையும் சுத்தியலால் தட்டி ஓசையைக் கேட்பார்கள். நல்ல சக்கரம் கணீரென்று ஒலிக்கும். விரிசல் உள்ளது மந்தமாக ஒலிக்கும். வண்டி முழுவதையும் ஒரே தட்டில் சோதிக்க முடியாது. பிள்ளைகளின் வாசிப்பும் அப்படித்தான். ஒவ்வொருவராகக் கேட்டால்தான் விரிசல் தெரியும்.

கூட்டம் குறைந்தால் படிப்பு கூடுமா?

இந்தக் கேள்வியை நேரடியாகச் சோதித்துப் பார்த்தது அமெரிக்காவின் டென்னசி மாநிலம். 1985ஆம் ஆண்டு தொடங்கி நான்கு ஆண்டுகள், 79 பள்ளிகளில், மழலையர் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை இச்சோதனை நடந்தது. பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் சீட்டுக் குலுக்குவதுபோல் மூன்று விதமான வகுப்புகளுக்குப் பிரித்தார்கள். முதல் வகையில் 13 முதல் 17 பிள்ளைகள். இரண்டாவது வகையில் 22 முதல் 25 பிள்ளைகள். மூன்றாவது வகையிலும் அதே 22 முதல் 25 பிள்ளைகள்தான். ஆனால் ஆசிரியருக்குத் துணையாக ஓர் உதவியாளர் உண்டு.

சிறிய வகுப்பில் இருந்தவர்கள் வாசிப்பிலும் கணக்கிலும் முன்னேறினார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கும் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் பலன் கூடுதலாகக் கிடைத்தது. நான்காம் வகுப்பில் எல்லோரும் சாதாரண வகுப்புக்குத் திரும்பிய பிறகும் அந்தப் பலனில் ஒரு பகுதி நிலைத்தது. உதவியாளர் மட்டும் இருந்த பெரிய வகுப்பில் அத்தகைய முன்னேற்றம் காணப்படவில்லை.

இதைப் பார்த்துக் கலிபோர்னியா மாநிலம் 1996இல் மழலையர் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை 20 பிள்ளைகளுக்கு மேல் கூடாது என்று பெரும் பணத்தைச் செலவிட்டது. வகுப்புகளைப் பிரித்தவுடன் ஆசிரியர்களுக்கும் அறைகளுக்கும் தட்டுப்பாடு வந்தது. முழுத் தகுதி பெறாத பலரை அவசரமாக வேலைக்கு எடுக்க வேண்டியதாயிற்று. டென்னசியில் கண்ட அளவுக்குத் தெளிவான பலன் அங்கே கிடைக்கவில்லை. எண்ணிக்கையைக் குறைப்பது வேறு, கற்பிப்பது வேறு என்பதற்கு இது ஒரு பாடம்.

நம் மும்பையில் நடந்தது

நமக்கு இன்னும் நெருக்கமான சோதனை இந்த மும்பை மாநகராட்சிப் பள்ளிகளிலேயே நடந்திருக்கிறது. 'பிரதம்' என்ற தொண்டு நிறுவனம் 'பால்சகி' என்றொரு திட்டத்தை நடத்தியது. 'குழந்தையின் தோழி' என்று பொருள். பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு வாரம் பயிற்சி கொடுப்பார்கள். மூன்றாம், நான்காம் வகுப்புகளில் எழுத்தும் எண்ணும் சரியாக வராத 15 முதல் 20 பிள்ளைகளை அந்தப் பெண் தினமும் சுமார் இரண்டு மணி நேரம் தனியே அழைத்துப் போய், அடிப்படையிலிருந்து சொல்லிக் கொடுப்பார்.

2001 முதல் 2003 வரை மும்பையிலும் குஜராத்தின் வடோதராவிலும் இத்திட்டத்தின் பலனைப் பொருளாதார அறிஞர்கள் அளந்தார்கள். அவர்களுள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ இருவரும் பின்னர் 2019இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர்கள்.

அவர்கள் கண்டதைப் பெற்றோர்கள் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன். பால்சகியிடம் போன பிள்ளைகள் நன்றாக முன்னேறினார்கள். அந்த இரண்டு மணி நேரமும் பழைய வகுப்பில் கூட்டம் குறைந்துதான் இருந்தது. ஆனால் அங்கேயே இருந்த பிள்ளைகளிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரியவில்லை. காரணம் என்ன? கூட்டம் குறைந்ததே தவிர, பாடம் நடத்தும் முறை மாறவில்லை. பால்சகியோ, பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ அந்தப் படியிலிருந்து தொடங்கினார்.

இது நம் ஊருக்குப் புதிதா? பழைய திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை இருந்தார். பெரிய பிள்ளை சிறிய பிள்ளைகளுக்கு மணலில் எழுதிக் காட்டுவார். 1789இல் சென்னை எழும்பூரில் ஆண்பிள்ளைகள் அநாதை விடுதிக்குப் பொறுப்பேற்ற பாதிரியார் ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்து அதைத் தம் விடுதியில் கைக்கொண்டார். மூத்த பிள்ளைகளைக் கொண்டே இளையவர்களுக்குக் கற்பித்தார். 1797இல் அதைப் புத்தகமாக இங்கிலாந்தில் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது அந்நாட்டில் பரவியது. ஒரு கூரையின் கீழ் நூறு பேர் இருந்தாலும், ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கேட்பதற்கு நம் முன்னோர் ஏதோ ஒரு வழி செய்து வைத்திருந்தார்கள்.

சட்டம் சொல்வது

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், ஐந்தாம் வகுப்பு வரை 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கை வைத்திருக்கிறது. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூவர். இந்தக் கணக்கு பள்ளி முழுவதற்கும் உரியது. 60 பிள்ளைகள் உள்ள சிறிய பள்ளியில் இரண்டே ஆசிரியர் இருந்தால் காகிதத்தில் கணக்கு சரி. ஆனால் அந்த இருவரும் ஐந்து வகுப்புகளைப் பார்க்க வேண்டும். ஆகவே பள்ளியில் 'ஆசிரியர் விகிதம் என்ன' என்று மட்டும் கேட்டால் போதாது. 'என் பிள்ளை உட்காரும் அறையில் எத்தனை பேர், எத்தனை வகுப்பு' என்று கேட்க வேண்டும்.

பெற்றோர் செய்ய வேண்டியவை

முதலாவது, பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் யூனிபாரத்தையும் பார்ப்பதுடன், ஒன்றாம், இரண்டாம் வகுப்பு அறைகளில் எத்தனை பிள்ளைகள் என்று பாருங்கள். அஸ்திவாரம் போடும் வயது அதுதான்.

இரண்டாவது, 'என் பிள்ளை தனியாக வாசிப்பதை எத்தனை நாளைக்கு ஒருமுறை கேட்கிறீர்கள்?' என்று ஆசிரியையிடம் பணிவாகக் கேளுங்கள். 40 பேர் உள்ள வகுப்பிலும் தினமும் நான்கு பேரைக் கேட்டால், பத்துப் பள்ளி நாட்களில் எல்லோரையும் கேட்டுவிடலாம்.

மூன்றாவது, கூட்டம் அதிகமான வகுப்பில்தான் பிள்ளை படிக்கிறது, வேறு வழியில்லை என்றால் மனம் தளர வேண்டாம். வீட்டில் இரவு பத்து நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள். படித்த பக்கத்தை வேண்டாம், படிக்காத பக்கத்தைத் திறந்து வாசிக்கச் சொல்லுங்கள். மனப்பாடமா, வாசிப்பா என்பது உடனே தெரிந்துவிடும்.

நம் ஞாயிறு வகுப்புக்கு வருகிறேன். வயதால் ஒன்றாக இருந்தாலும் நம் பிள்ளைகள் தமிழில் ஒரே நிலையில் இல்லை. போன வருடம் திருநெல்வேலியிலிருந்து வந்த பிள்ளை கதைப் புத்தகம் படிக்கிறது. செம்பூரில் பிறந்து வளர்ந்த மூன்றாம் தலைமுறைப் பிள்ளைக்குத் தமிழ் பேச வரும், எழுத்து வராது. இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்து ஒரே பாடம் நடத்தினால் ஒருவருக்குச் சலிப்பு, மற்றவருக்கு மலைப்பு. எனவே 31 பேரையும் எழுத்து அறியாதவர், எழுத்துக்கூட்டிப் படிப்பவர், சரளமாகப் படிப்பவர் என்று மூன்று குழுவாகப் பிரிக்கலாம் என்று கமிட்டியில் சொல்லியிருக்கிறேன். ஒரு குழுவுக்குப் பத்துப் பேர்தான் வருவார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து, முன்னேறியவரை அடுத்த குழுவுக்கு மாற்ற வேண்டும்.

ஒரு குழுவை நான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டாவதை நடத்த என் மருமகள் சம்மதித்திருக்கிறாள். மூன்றாவது குழுவுக்கு ஆள் இல்லை. பட்டம் தேவையில்லை. தமிழ் தவறின்றிப் படிக்கத் தெரிந்து, ஞாயிறு காலை ஒன்றரை மணி நேரம் பொறுமையாகக் குழந்தையின் வாயைப் பார்த்துக் கேட்கக் கூடியவராக இருந்தால் போதும். இரண்டு வாரப் பயிற்சியோடு பால்சகிகள் செய்ததை நம் சகோதரிகளும் ஓய்வு பெற்ற அன்பர்களும் செய்ய முடியாதா என்ன?

அந்தக் குழந்தை இப்போது 'கொக்கு' என்று சரியாகவே படிக்கிறாள். அவளைப்போல் ஓங்கிய குரலுக்குள் மறைந்திருக்கும் பிள்ளைகள் இன்னும் எத்தனை பேர் என்பது, ஒவ்வொருவராகக் கேட்கும் வரை நமக்குத் தெரியப்போவதில்லை. வர விருப்பம் உள்ளவர்கள் அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு முன் செயலாளரிடம் பெயர் கொடுக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.