வீட்டு முற்றத்தில் லொறி றேடியேற்றரை மாற்றுதல்

நெல்லும் மரக்கறியும் மீனும் எமது கிராமங்களிலிருந்து சந்தைக்குப் போவது பெரும்பாலும் சிறிய லொறிகளில்தான். இவற்றுட் பல இருபது, முப்பது வருடங்கள் ஓடித் தேய்ந்தவை. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல் மீண்டும் அனுமதிக்கப்படும்வரை, உள்ளதை வைத்தே எல்லோரும் சமாளிக்க வேண்டியிருந்தது. இத்தகைய லொறிகளில் அடிக்கடி தொல்லை தரும் உறுப்பு றேடியேற்றர். அதை மாற்ற விசேட கருவி தேவையில்லை. ஸ்பனர் பிடிக்கத் தெரிந்த இருவர் ஒரு காலைப் பொழுதில் முற்றத்திலேயே செய்து முடிக்கலாம். ஆனால் புதியதைப் போட்டுச் சில மாதங்களில் வண்டி மறுபடியும் சூடேறுகிறது என்ற முறைப்பாட்டை நாம் அடிக்கடி கேட்கிறோம். பணம் வீணாவது அங்கேதான்.

காரணத்தை உங்கள் கேத்தலிலேயே பார்க்கலாம். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின்மேல் அமைந்தது. அங்குள்ள கிணற்று நீர் வன்னீர். அதைக் கொதிக்க வைக்கும்போது கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு கட்டுகிறது. எஞ்சினுள்ளும் இதுவே நடக்கிறது. றேடியேற்றரின் குழாய்கள் ஒடுங்கியவை. சிறிது படிவும் அவற்றை அடைத்துவிடும். அடைபடாத குழாயிலும் படிவு ஒரு போர்வைபோல இருந்து வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும். கரையோரங்களில் சவர்த் தண்ணீர் உலோகத்தையும் அரிக்கிறது. ஆகவே வழியில் கண்ட கிணற்றில் ஒரு வாளி அள்ளி ஊற்றும் பழக்கம் தொடருமானால், எத்தனை றேடியேற்றர் மாற்றினாலும் பலனில்லை.

மாற்றுவதற்கு முன் பழுது றேடியேற்றரில்தானா என்று பாருங்கள். பான் பெல்ற் தளர்ந்திருந்தாலும், தேமஸ்ரற் திறக்காமல் இறுகியிருந்தாலும், மூடியின் ரப்பர் வெடித்திருந்தாலும் சூடேறும். அறுவடைக் காலத்தில் உமியும் வைக்கோற் தூசும் முன்பக்கத் தகடுகளை அடைத்துவிடும். விசிறிப் பக்கத்திலிருந்து மெதுவாகத் தண்ணீர் பாய்ச்சினால் அது போய்விடும். குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்து வைத்து இயக்கிப் பாருங்கள். குமிழிகள் ஓயாமல் வருமானால், அல்லது எஞ்சின் ஒயில் பால்போல் மாறியிருந்தால், ஹெட் கஸ்கற் போயிருக்கலாம். அது முற்றத்து வேலையல்ல. நல்ல மெக்கானிக்கிடம் போக வேண்டியது.

சூடான எஞ்சினில் மூடியைத் திறப்பது பற்றி எத்தனை முறை சொன்னாலும் தகும். மூடியில் 0.9 என்று பொறித்திருப்பது அது தாங்கும் அமுக்கத்தின் அளவு. அந்த அமுக்கத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காது. ஏறத்தாழ 118 பாகையில்தான் கொதிக்கும். மூடியைத் திருகிய கணத்தில் அமுக்கம் இறங்க, உள்ளே இருப்பதெல்லாம் ஒரேயடியாகக் கொதித்து முகத்தில் அடிக்கும். ஈரச் சாக்கைப் போட்டுத் திறக்கலாம் என்பது தவறான துணிவு. மேல் ஹோஸை வெறுங்கையால் இறுகப் பிடித்து வைத்திருக்க முடியும்வரை பொறுத்திருங்கள். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் ஆகாது. சிலிண்டர் ஹெட் வெடித்தால் செலவு பன்மடங்காகும்.

இனி வேலை. லொறியைச் சமதரையில் நிறுத்திச் சில்லுகளுக்குக் கல் வையுங்கள். பற்றரியின் மறை முனையைக் கழற்றுங்கள். முன்னே சரித்துத் தூக்கும் கபின் உள்ள லொறியானால், தாங்கு கம்பி பூட்டில் முழுமையாக விழுந்துள்ளதா என்று கையால் ஆட்டிப் பார்த்த பின்னரே கீழே தலையை நுழைக்கலாம். அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்து, வருவதை ஒரு பேசினில் ஏந்துங்கள். மேல், கீழ் ஹோஸ்களையும் விசிறிக் கூட்டையும் கழற்றுங்கள். ஹோஸ் ஒட்டிக்கொண்டால் இழுக்காமல் திருகி அசைக்க வேண்டும். வராவிட்டால் ஹோஸை வெட்டுவதே மேல். தாங்கும் போல்ற்களை எடுத்து, ஒருவர் மேலிருந்தும் மற்றவர் கீழிருந்தும் நேராகத் தூக்குங்கள். அடி ரப்பர்களைத் தொலைத்துவிடாதீர்கள். அவையின்றிப் பூட்டினால் குண்டும் குழியுமான எமது வீதிகளில் புதியதும் விரைவில் வெடிக்கும்.

புதியதை ஏற்றுமுன் எஞ்சினைக் கழுவ வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். தேமஸ்ரற்றை எடுத்துவிட்டு, மேலிருந்து தண்ணீர் பாய்ச்சிக் கீழ் வழியாகத் தெளிவாக வரும்வரை விடுங்கள். இல்லாவிட்டால் எஞ்சினிலுள்ள துருவும் சுண்ணாம்பும் நேரே புதிய குழாய்களுக்குள் போய்ச் சேரும். பின்னர் தேமஸ்ரற்றைத் திரும்பப் பூட்டுங்கள். "எங்கள் வெயிலுக்கு அது வேண்டாம்" என்று வீசிவிடுவது சரியல்ல. பிளாஸ்ரிக் தலையுள்ள அலுமினிய றேடியேற்றரில் கிளிப்பை அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் வாய் வெடிக்கும். செம்பு, பித்தளையாலான பழைய வகைக்கு ஈயப்பற்று வைக்கலாம். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிய தலைமுறைக்கு இப்படி ஒட்டுப்போட்டுச் சமாளிப்பது புதிதல்ல. அலுமினியத்தில் அந்தப் பற்று ஒட்டாது.

நிரப்பக் கூலன்ற் வாங்குங்கள். எமக்குப் பனி இல்லையே, அது எதற்கு என்று கேட்கிறார்கள். துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் அதன் வேலைகள்தாம். செறிவான வகையானால் காய்ச்சி வடித்த நீரில் கலக்க வேண்டும். அது கிடையாவிடில் மாரியில் பிடித்த மழைநீர் உதவும். முதல் மழைகள் கூரையைக் கழுவிய பின், பிளாஸ்ரிக் பீப்பாவில் பிடித்து வடித்ததாக இருக்கட்டும். சீமெந்துத் தொட்டி நீரில் சுண்ணாம்பு கலந்திருக்கும். மெதுவாக ஊற்றி, மூடி திறந்தபடி எஞ்சினைச் சும்மா ஓடவிடுங்கள். தேமஸ்ரற் திறக்கும்போது மேல் ஹோஸ் சட்டெனச் சூடாகி மட்டம் இறங்கும். மேலும் ஊற்றி மூடுங்கள். மறுநாட் காலை குளிர்ந்தபின் மட்டத்தையும் மூட்டுகளையும் மீண்டும் பாருங்கள்.

பேசினில் ஏந்தியது என்ன ஆனது? கூலன்ற்றில் பெரும்பாலும் உள்ள எதிலீன் கிளைக்கோல் இனிப்பான நஞ்சு. நாயும் ஆடும் விரும்பி நக்கும், பிள்ளைகளும் குடித்துவிடலாம். சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கவே கூடாது. கிணற்றடியிலோ கானிலோ கொட்டினால், சுண்ணாம்புக்கல் நிலத்தில் அது விரைவாகவே கிணற்று நீரைச் சேரும். மூடியுள்ள கலனில் அடைத்துப் பெயரெழுதிப் பூட்டி வைத்து, பழைய ஒயில் சேர்க்கும் கராஜில் இதையும் ஏற்பார்களா என்று கேட்டுக் கொடுங்கள். பழைய றேடியேற்றர் செம்பு, பித்தளையானால் அதைப் பழைய இரும்போடு சேர்த்து நிறுத்து விற்காதீர்கள். செம்பின் விலை வேறு.