ஹொச்சு, நெச்சு: வேணும், மாட்டேன்

இந்தத் தடவை ஐரோப்பாவுக்குப் போவோம். செர்பியா, குரோஷியா, போஸ்னியா, மாண்டினீக்ரோ ஆகிய நாலு நாட்டிலும் பேசுகிற மொழிக்கு, யுகோஸ்லாவியா இருந்த காலத்தில் செர்போ-குரோஷியன் என்று பெயர். 1961இல் நோபல் பரிசு பெற்ற ஈவோ ஆண்ட்ரிச் எழுதியது இதில்தான்.

இதில் அடிக்கடி காதில் விழும் வினைச்சொல் 'ஹ்த்யெத்தி'. செர்பியாவில் 'ஹ்தெத்தி' என்பார்கள். பொருள்: விரும்புதல், வேண்டுதல்.

யா ஹொச்சு – நான் விரும்புகிறேன்
தி ஹொச்செஷ் – நீ விரும்புகிறாய்
ஒன், ஒனா ஹொச்செ – அவன், அவள்
மி ஹொச்செமோ – நாங்கள், நாம்
வி ஹொச்செத்தே – நீங்கள்
ஒனி ஹொச்செ – அவர்கள்

கவனிச்சீங்களா? நம்ம தமிழ் மாதிரியே விகுதி ஆளைக் காட்டிக் கொடுக்குது. அதனால் யா, தி எல்லாம் சொல்லாமலே விடலாம். மரியாதைக்கு ஒருவரையே 'வி' என்று பன்மையில் அழைப்பதும் உண்டு. ஆனா அவன், அவள், அவர்கள் மூணுக்கும் ஒரே ஹொச்செதான். இடம் பார்த்துத்தான் புரிஞ்சுக்கணும்.

இனிமேதான் விஷயம். ஹொச்சுவின் தலையை வெட்டினால் 'ச்சு'. அதேபோல ச்செஷ், ச்செ, ச்செமோ, ச்செத்தே. இந்தக் குட்டை வடிவத்தில் ஆசை போய்விடும், எதிர்காலம் மட்டும் மிஞ்சும். தொச்சி என்றால் வருதல். 'யா ச்சு தொச்சி' என்றால் 'நான் வருவேன்', அவ்வளவுதான். வர ஆசைப்படுகிறேன் என்று மொழிபெயர்த்தால் தப்பு. (ஆங்கில 'வில்'லும் ஒரு காலத்தில் 'விரும்பு'தான்!) ச்சு வாக்கியத்தின் முதலில் வராது. யாவை விட்டுட்டா, 'தொச்சி ச்சு' என்று பின்னால் போய்விடும்.

கேள்வியில் முழுவடிவம் திரும்பி வரும். 'ஹொச்செஷ் லி தொச்சி?' – வருவியா? பதில் ஒரே சொல்: ஹொச்சு, இல்லாட்டி நெச்சு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இந்த நெச்சுதான். நம்ம 'மாட்டேன்' இருக்கே, அதில் எதிர்காலமும் இருக்கு, பிடிவாதமும் இருக்கு. நெச்சுவும் அப்படியே. 'நெச்சு தொச்சி' – வரமாட்டேன். ஆனா யாராவது காபி வேணுமா என்று கேட்டால், அதே நெச்சு 'வேண்டாம்' ஆகிவிடும். காபிக்கு செர்பியாவில் காஃபா, குரோஷியாவில் காவா, போஸ்னியாவில் காஹ்வா. எல்லாம் நம்ம காப்பிக்குச் சொந்தக்காரங்க!

வேணும் என்று பணிவாகக் கேட்க ஹொச்சு போதாது, அதிகாரமாகத் தெரியும். ஆண் 'ஹ்தியோ பிஹ்' என்றும் பெண் 'ஹ்த்யெலா பிஹ்' என்றும் சொல்ல வேண்டும்.

1991இல் யுகோஸ்லாவியா உடையத் தொடங்கிய பிறகு இந்த ஒரு மொழிக்கு நாலு பெயர் வந்துவிட்டது. குரோஷியாவில் நெச்சுவைக்கூட 'நெ ச்சு' என்று பிரித்து எழுதணுமா, சேர்த்து எழுதணுமா என்று பண்டிதர்களுக்குள் சண்டை. 2017இல் சராயேவோவில் வெளியான ஓர் அறிக்கை, நாலும் ஒரே பொதுமொழியின் வடிவங்கள் என்றது. அதற்கும் எதிர்ப்பு கிளம்பியது. வேடிக்கை என்னன்னா, வாயால் சொல்லும்போது அந்த இடைவெளி காதுக்குத் தெரியவே தெரியாது.

இப்போ உங்களுக்கு ஒரு கேள்வி. ஸ்பாவாத்தி என்றால் தூங்குதல். 'நெச்செ ஸ்பாவாத்தி' – இதற்குத் தமிழில் எத்தனை விதமாகப் பொருள் சொல்லலாம்? தாளில் எழுதித் தமிழ் ஐயாவிடம் கொடுங்க. விடை அடுத்த இதழில்.