சத்தம் தேடப் போகும் கண்ணுக்கு

கண்ணு,

ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படிப்பை முடித்துவிட்டுப் பட்டறையில் சேரப்போகிறாய் என்று உன் அப்பா சொன்னான். என்ஜின் இறக்குவது, கிளட்ச் மாற்றுவது எல்லாம் அங்கே இருப்பவர்களே உனக்குக் கற்றுக்கொடுப்பார்கள். ஆனால் “வண்டியில எங்கயோ லொடலொடன்னு சத்தம் வருதுங்க” என்று ஒருவர் வந்து நிற்பாரே, அந்த வேலையை உட்காரவைத்துச் சொல்லித்தர யாருக்கும் பொறுமை இருக்காது. கூலி குறைவு, நேரம் அதிகம் என்று அதைப் புதிதாக வந்தவர் தலையில் கட்டிவிடுவார்கள். கட்டினால் சந்தோஷமாக வாங்கிக்கொள். மெக்கானிக்கின் குணம் அந்த வேலையில்தான் உருவாகிறது. அம்பாசிடர் காலத்திலிருந்து நான் பார்த்ததையும், என் மேஸ்திரி எனக்குக் கொடுத்ததையும் உனக்கு எழுதுகிறேன்.

1. முதலில் பார்ட்டியைப் பேசவிடு. வண்டியோடு தினமும் வாழ்கிறவர் அவர். சத்தம் காலையில் வருகிறதா, சூடான பிறகா, வேகத்தடையிலா, திருப்பத்திலா, ஆள் ஏறினாலா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள். ஒரு டீச்சரம்மா தன் மாருதி 800-ஐக் கொண்டுவந்து, “சந்தைக்குப் போறப்ப சத்தமில்ல, திரும்பி வர்றப்பதான் வருது” என்றார். பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரி மட்டும் சிரிக்காமல், “திரும்பும்போது டிக்கியில என்னம்மா இருக்கும்?” என்று கேட்டார். அரிசி மூட்டை இருக்குமாம். டிக்கியில் பாரம் ஏற்றிப் பார்த்தோம். சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர் ஒன்று கிழிந்து, வண்டி அமுங்கியதும் குழாய் பின் ஆக்சிலில் போய் இடித்தது. அந்த அம்மா முதல் வாக்கியத்திலேயே விடையைச் சொல்லிவிட்டார். கேட்கத்தான் ஆள் இல்லாமல் இருந்தது.

2. ஸ்பேனரைத் தொடுமுன் வண்டியைக் காலி செய். ஜாக்கி, ஜாக்கிக் கம்பி, ஸ்டெப்னியை இறுக்கும் போல்ட், சீட்டுக்கடியில் உருளும் தண்ணீர் பாட்டில், கதவுப் பையில் கிடக்கும் சில்லறை, முன்னால் இருக்கும் பெட்டியில் கண்ணாடிக்கூடு. ஆள் உட்காராத சீட்டின் பெல்ட் நாக்கு பக்கத்துப் பிளாஸ்டிக்கில் தட்டும், நம்பர் பிளேட்டின் ஒரு ஸ்க்ரூ போயிருக்கும். எல்லாவற்றையும் பார். இதைச் சின்ன வேலை என்று நினைக்காதே.

3. ட்ரையல் போகும்போது வண்டியை வேறொருவர் ஓட்டட்டும். ஓட்டுகிறவரின் கவனம் சாலையில் இருக்கவேண்டும், அதுதான் நியாயம். என் மேஸ்திரி பின்சீட்டில் ஒரு தடவை, முன்சீட்டில் ஒரு தடவை உட்கார்ந்து வருவார். ரேடியோ, ஏசி எதுவும் ஓடக்கூடாது, பேச்சும் கூடாது. எப்போதும் ஒரே சாலையைத்தான் வைத்திருந்தார். அதில் ஒரு வேகத்தடை, கொஞ்சம் கற்சாலை, ஒரு வளைவு, நேராக ஓட ஒரு காலியான நீளம், எல்லாம் உண்டு. அந்தச் சாலையில் நல்ல வண்டி எப்படிச் சத்தமிடும் என்று அவர் காதுக்குத் தெரியும். ஆகவே கெட்டது உடனே பிடிபடும்.

அங்கே நீ கேட்கவேண்டிய கேள்விகள் கொஞ்சம்தான். நின்ற இடத்தில் நியூட்ரலில் வைத்து ஆக்சிலேட்டரை மெல்ல ஏற்று. அப்போதே சத்தம் வந்தால் சக்கரத்தை விட்டுவிட்டு என்ஜின் மவுண்டிங், சைலன்சர் பக்கம் போ. காலியான சமதளத்தில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வண்டியை நியூட்ரலுக்குத் தள்ளச் சொல். என்ஜினை மட்டும் அணைக்க விடாதே, பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கனத்துப் போகும். என்ஜின் சுருதி இறங்கியும் சத்தம் குறையாவிட்டால் அது சக்கரத்தோடு சுற்றுகிற ஒன்று. கற்சாலையில் பிரேக்கை லேசாகத் தொட்டதும் சத்தம் நின்றால் பிரேக் பேடும் அதன் கிளிப்பும் தளர்ந்திருக்கின்றன. சின்னச் சின்ன மேடுபள்ளத்தில், மெதுவாகப் போகும்போதே டொக்டொக்கென்றால் முன்பக்க லிங்க் ராடை முதலில் சந்தேகி. சக்கரம் தரையில் நிற்கும்போதே அந்த ராடைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்.

மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து மெல்ல வட்டம் போடும்போது டிக்டிக்கென்றால் ஆக்சில் ஜாயிண்ட். இந்தச் சத்தம் அம்பாசிடரில் கிடையாது. அதற்குப் பின்சக்கரம்தான் இழுவை. 1983-இல் வந்த மாருதி 800-க்கு முன்சக்கர இழுவை. முதன்முதலாக அந்த டிக்டிக் பட்டறைக்கு வந்தபோது மேஸ்திரி ஐம்பதைத் தாண்டியிருந்தார். ஆக்சிலைக் கழற்றி, ஜாயிண்டைப் பிரித்து, உள்ளே இருந்த குண்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். இது புது ரகம், எனக்குத் தெரியாது என்று எங்கள் முன்னால் சொல்ல அவருக்குக் கூச்சமே இருந்ததில்லை.

4. சத்தம் கேட்கிற இடம் ஒன்று, பிறக்கிற இடம் ஒன்று. காரின் தகடு முழுவதும் ஒரே உடம்பாகப் பற்றவைக்கப்பட்டது. பின்னால் பிறந்தது முன்னால் கேட்கும், அடியில் பிறந்தது டேஷ்போர்டில் கேட்கும். அதனால் காது சொன்னதைக் கையால் உறுதி செய். வண்டி ஓடும்போது சந்தேகப்பட்ட பிளாஸ்டிக்கை உள்ளங்கையால் அழுத்து. சத்தம் நின்றால் பாதி வேலை முடிந்தது. அடியில் என்றால் ஒரு நேரத்தில் ஒரே ஒரு இடத்தில் துணியோ அட்டையோ செருகிக் கட்டிவிட்டு ஓட்டிப் பார். சூடாகிற குழாயிடமும் சுழல்கிற பாகத்திடமும் மட்டும் இந்த வேலை வேண்டாம். மூன்று இடத்தில் ஒரேயடியாகக் கட்டினால் சத்தம் நிற்கும், ஆனால் எது நிறுத்தியது என்று தெரியாது. இப்போது சந்தேகப்படும் இடங்களில் கவ்விவிடும் மைக்குகளும், உட்கார்ந்து கேட்க ஹெட்ஃபோனும் வந்திருக்கின்றன. கிடைத்தால் தாராளமாகப் பயன்படுத்து. நீ பார்க்கப்போகும் மின்சாரக் கார்களில் என்ஜின் இரைச்சலே இல்லாததால், முன்பு அதில் அமுங்கிப்போன சிறு சத்தமெல்லாம் பார்ட்டி காதில் விழும். இனி இந்த வேலை கூடத்தான் போகிறது.

5. காலையில் மட்டும் வரும் சத்தத்துக்கு முந்தின ராத்திரியே வண்டியைப் பட்டறையில் நிறுத்திவைக்கச் சொல். சைலன்சர் மேல் இருக்கும் மெல்லிய வெப்பத்தகடு, பற்றவைப்பு விட்டுப்போனால் குளிரில் தடதடக்கும். சூடானதும் விரிந்து இறுகி மௌனமாகிவிடும். நீ மத்தியானம் தேடினால் அது எப்படி அகப்படும்? ஆறிய பிறகு குழாயை முஷ்டியால் தட்டிக்கொண்டே போ, காட்டிக்கொடுத்துவிடும். ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு நொடி கரகரவென்று வந்து நின்றால் டைமிங் செயினைப் பற்றி யோசி. அதற்கு முன் ஆயில் கம்பியை உருவி அளவைப் பார். ஏற்றத்தில் மட்டும் வரும் சத்தம் வேறு ரகம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் வண்டிகள் கல்லாறு தாண்டியதும் பாரத்தில் கிலுகிலுவென்று இரைவதுண்டு. அது சிலிண்டருக்குள் பெட்ரோல் தாறுமாறாக வெடிக்கிற நாக்கிங். வெளியில் எந்த நட்டை முறுக்கினாலும் அது போகாது.

6. ஊகத்துக்குப் பார்ட்ஸ் மாற்றாதே. இதை நான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்கிறேன். எங்களோடு கெட்டிக்காரப் பையன் ஒருவன் வேலை பார்த்தான், கை அவ்வளவு வேகம். பின்னால் சத்தம் என்று வந்த வண்டிக்கு, ட்ரையல் போகாமலே இரண்டு ஷாக் அப்சார்பரையும் மாற்றிவிட்டான். பார்ட்டி பணம் கட்டிவிட்டுப் போனார். மறுநாள் அதே சத்தத்தோடு திரும்பி வந்தார். மேஸ்திரி டிக்கியைத் திறந்து, இடத்தைவிட்டு நழுவியிருந்த ஜாக்கியை எடுத்து அதன் கவ்வியில் இறுக்கினார், அவ்வளவுதான். பிறகு கல்லாவிலிருந்து ஷாக் அப்சார்பர் விலையையும் கூலியையும் எண்ணிப் பார்ட்டி கையில் கொடுத்தார். புது ஷாக் அப்சார்பர் வண்டியிலேயே இருக்கட்டும் என்றார். பையனைத் திட்டவில்லை. “அந்தாளு ரெண்டு மாசம் சேர்த்துவெச்ச காசுடா அது” என்று மட்டும் சொன்னார். அந்தப் பையன் இன்று சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறான். சத்தம் என்று வண்டி வந்தால் அவனே முதலில் டிக்கியைத் திறக்கிறான்.

ஊகத்தில் மாற்றினால் பார்ட்டிக்குப் பணம் போகும், உனக்கு அறிவு போகும். பத்துப் பார்ட்ஸ் மாற்றிச் சத்தம் நின்றாலும் நீ எதையும் கற்றிருக்கமாட்டாய்.

7. கண்டுபிடித்த பிறகு அவசரப்படாதே. தேடி அலுத்தவர்கள் கடைசி போல்ட்டை ஏனோதானோவென்று முறுக்குவார்கள். லோயர் ஆர்ம் புஷ் மாற்றினால், வண்டி தன் எடையோடு சக்கரத்தில் நிற்கும்போதுதான் அந்த போல்ட்டை முழுதாக இறுக்கவேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும், சத்தமும் திரும்பும். கழற்றிய கிளிப்பை எல்லாம் ஒரு டப்பாவில் போட்டுவை. ஒரு கிளிப் மீந்தால் நீயே ஒரு புதுச் சத்தத்தை உள்ளே வைத்து மூடியிருக்கிறாய். மாற்றிய பழைய பாகத்தைப் பார்ட்டியிடம் காட்டு, தேய்ந்த இடத்தை அவர் விரலால் தொட்டுப் பார்க்கட்டும். பிறகு அவரையே பக்கத்தில் உட்காரவைத்து அதே சாலையில் ஒரு சுற்றுப் போய்வா.

8. கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்று சொல். எதையெல்லாம் பார்த்தாய், எதுவெல்லாம் இல்லை என்று முடிவானது என்பதைத் தாளில் எழுதிக் கொடு. அடுத்த பட்டறைக்காரருக்காவது உதவும்.

9. எந்தச் சத்தத்தோடு வண்டியை வெளியே விடலாம், எதோடு விடக்கூடாது என்று தெரிந்துவைத்துக்கொள். டேஷ்போர்டு கிலுகிலுப்பு ஒரு மாதம் காத்திருக்கும். டை ராட் முனையும் பால் ஜாயிண்டும் காத்திருக்காது. சக்கரத்தைத் தூக்கி, கடிகாரத்தில் மூன்றும் ஒன்பதும் இருக்கும் இடத்தில் பிடித்து ஆட்டு. ஆட்டம் தெரிந்தால் டை ராட் பக்கம் பார். பன்னிரண்டும் ஆறும் இருக்கும் இடத்தில் ஆடினால் பால் ஜாயிண்ட் அல்லது பேரிங். எல்லாவற்றுக்கும் முன்னால் வீல் நட்டுகளைப் பார். அவை தளர்ந்தாலும் டொக்டொக்கென்றுதான் கேட்கும். ஒருமுறை பால் ஜாயிண்ட் கழன்று விழும் நிலையில் ஒரு வண்டி வந்தது. காலை முகூர்த்தம், போயே ஆகவேண்டும் என்று பார்ட்டி சத்தம் போட்டார். மேஸ்திரி சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தன் அம்பாசிடரை டிரைவரோடு அனுப்பிவைத்தார். கோபத்தோடுதான் போனார்கள். போகட்டும், பத்திரமாகப் போனார்களே.

10. கடைசியாக உன் உயிர். வெறும் ஜாக்கியை நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் போகாதே, ஒரு நிமிட வேலை என்றாலும். சத்தம் தேடுகிறவர்தான் அதிகம் அடியில் போவார், அங்கே படுத்துக்கொண்டு இழுப்பார், ஆட்டுவார். கெட்டித் தரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஸ்டாண்டு வைத்து, வண்டியை ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டுப் போ. உங்கள் பட்டறையில் ஸ்டாண்டு இல்லையென்றால் முதலாளியிடம் சண்டை வேண்டாம், எனக்குப் போன் போடு. இங்கே இரண்டு ஜோடி சும்மா இருக்கிறது, பஸ்ஸில் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா