குறட்டைக்குப் பல் தட்டு

லயத்தில் ஒருவர் குறட்டை விட்டால் அடுத்த காம்பராவுக்கும் தூக்கமில்லை. சொல்லிச் சிரிக்கிறோம். ஆனால் குறட்டை சட்டென்று நின்று, மூச்சில்லாமல் கிடந்து, பிறகு திணறி எழும்பினால் அது வியாதி. தூக்கத்தில் நாக்கும் தொண்டைச் சதையும் தளர்ந்து மூச்சுப் பாதையை அடைக்கிறது. இப்படி 10 செக்கனுக்குக் குறையாமல் அடைபடுவது மணிக்கு 5 தடவைக்கு மேலென்றால் கவனிக்க வேணும். 30ஐத் தாண்டினால் கடுமை. பிரஷர் கூடும். பகலில் தூங்கி விழுவார். ஃபெக்டரியில் ரோலர் பக்கத்தில் நிற்கிறவர் தூங்கி விழலாமா?

கடுமையில்லாதவர்களுக்குப் பல் டொக்டர் அச்செடுத்துச் செய்யும் தட்டு உதவும். இரவில் மேல் பல்லிலும் கீழ்ப் பல்லிலும் மாட்டினால் கீழ்த்தாடை கொஞ்சம் முன்னுக்கு வரும். நாக்கும் கூடவே வரும், பாதை திறக்கும். முதலில் தாடை வலிக்கும், எச்சில் ஊறும், போகப்போகக் குறையும். வருஷக்கணக்கில் போட்டால் பல் கடி மாறலாம், இடைக்கிடை காட்ட வேணும்.

தட்டைப் பிடிக்க உறுதியான பல் வேணுமே! வெத்திலை, புகையிலை போட்டுப் பல் ஆடுகிறவர்களுக்குச் சரிவராது. கடுமையானவர்களுக்குக் காற்று ஊதும் மெஷின்தான் முதல் வைத்தியம்.

மூச்சு நிற்பது தூங்குகிறவருக்குத் தெரியாது. வீட்டுக்காரியோ பிள்ளைகளோ பார்த்ததை டொக்டரிடம் சொல்லுங்கள். தூக்கப் பரிசோதனை முடியுமுன் தட்டுக்குக் காசு கொடுக்க வேண்டாம். அதுவரை சாராயத்தை விட்டு, ஒருக்களித்துப் படுக்கட்டும்.