காற்று வின்ச்சைக் கழற்றும் முன்

கேள்வி: எங்கள் பட்டறையில் உள்ள காற்று வின்ச் முன்புபோல இழுப்பதில்லை. கம்ப்ரஸரில் அழுத்தம் குறையவில்லை. நாங்களே கழற்றிப் பார்க்கலாமா?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: பார்க்கலாம். ஆனால் ஸ்பானரை எடுக்கும் முன், வின்ச் ஓடும்போது அதில் காற்று நுழையும் வாசலிலேயே கேஜ் வைத்து அளந்து பாருங்கள். பெரும்பாலான வின்ச்சுகளுக்கு அங்கே சுமார் 90 பிஎஸ்ஐ வேண்டும். குறைந்தால் கோளாறு அடைத்த ஃபில்டரிலோ ஒடுங்கிய ஹோஸிலோ இருக்கலாம். சைலன்சர் அடைத்தாலும் இழுவை குறையும்.

அப்படியும் தீரவில்லையா? சுமையை இறக்கி, காற்று வரும் வால்வை மூடிப் பூட்டுங்கள். லீவரை அசைத்து மிச்சக் காற்றை வெளியேற்றிய பிறகே ஹோஸைக் கழற்ற வேண்டும். பிறகு கம்பிவடத்தைப் பிரித்தெடுத்து, கியர் எண்ணெயை வடியுங்கள். அதில் உலோகத்தூள் மினுங்கினால் கியரையும் பேரிங்கையும் பார்த்தே ஆக வேண்டும்.

பாகங்கள் சேரும் இடங்களில் அடையாளம் குத்திவிட்டுக் கழற்றுங்கள். வேன் வகை மோட்டாரில் இழுவை குறைய முக்கியக் காரணம் ரோட்டர் பள்ளங்களில் வழுக்கி நகரும் தகடுகளே. ஈரக்காற்றும் எண்ணெய்ப் பஞ்சமும் அவற்றைத் தின்றுவிடும். ஒன்று தேய்ந்திருந்தாலும் முழு செட்டையும் மாற்றுங்கள். சிலிண்டர் உட்சுவரில் ஆழமான கீறல் இருந்தால் புதுத் தகடும் நிலைக்காது.

கழுவிய பேரிங்கைக் காற்றடித்துச் சுழற்றாதீர்கள், சிதறலாம். பிரேக் லைனிங்கில் எண்ணெய் படவே கூடாது. புது கேஸ்கெட் போட்டு மூட்டியதும் முதலில் வெறுமனே ஓட்டுங்கள். பிறகு சிறு சுமையைச் சற்றே தூக்கி நிறுத்தி, பிரேக் பிடிக்கிறதா என்று பாருங்கள். பிடிக்காத வின்ச்சை வேலைக்கு விடாதீர்கள்.