பெங்களூருக்கு ஒரு மணி நேரம்தானா?

“பத்தரைக்கு பெங்களூரில் மீட்டிங். ஃப்ளைட் ஒரு மணி நேரம்தானே, எட்டரைக்கு ஏறினால் போதும்.” இப்படிக் கணக்குப் போடுபவர் ஆபீசுக்கு ஒருவராவது இருப்பார். அவரே உங்கள் மேனேஜர் என்றால் டிக்கெட் போடுவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

சென்னையிலிருந்து பெங்களூரு ஆகாய வழியில் சுமார் 270 கி.மீ. மேலே போனபின் ஜெட் விமானம் மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் பறக்கும், அப்படிப் பார்த்தால் இருபது நிமிடம். டிக்கெட்டிலோ ஒரு மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கும். ஓடுபாதைவரை ஊர்வது, மேலேறுவது, இறங்க முறை வரும்வரை வட்டமடிப்பது எல்லாம் அதில் அடக்கம். தூரத்தை 800-ஆல் வகுத்து நாற்பது நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள், ஏறக்குறைய சரியாக வரும். மும்பைக்கு இரண்டு மணி நேரம். 1,760 கி.மீ. தள்ளியுள்ள டெல்லிக்கு மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு.

ஆனால் மீட்டிங் விமான நிலையத்தில் நடப்பதில்லை. மயிலாப்பூர் வீட்டிலிருந்து மீனம்பாக்கம் முக்கால் மணி. லஸ் பக்கம் மெட்ரோவுக்குத் தோண்டியிருக்கும் லட்சணத்தில் அதுவும் நிச்சயமில்லை. உள்நாட்டு விமானத்துக்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே கவுன்டரை மூடிவிடுவார்கள், ஆகவே ஒன்றரை மணி முன்னதாகப் போக வேண்டும். அந்தப் பக்கம் தேவனஹள்ளியில் இறங்கி எம்.ஜி. ரோடு வந்து சேர இன்னும் ஒரு மணி, ஒன்றரை மணி. மொத்தம் ஐந்து மணி நேரத்தைத் தொடுகிறது. சென்ட்ரலில் காலை ஆறு மணிக்கு முன் கிளம்பும் வந்தே பாரத்தும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான் ஊருக்குள் கொண்டுபோய் விடும். உட்கார்ந்து பிரசன்டேஷனையும் முடித்துவிடலாம். வாரத்தில் எந்த நாள் அதற்கு ஓய்வு என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோவை கதை வேறு. விமான நிலையம் பீளமேட்டில், அவினாசி சாலையை ஒட்டியே இருக்கிறது, இறங்கினால் ஊர். வந்தே பாரத்தில் ஆறு மணி நேரம் ஆகும் இடத்துக்கு விமானக் கட்டணம் கேட்டால், அக்கவுன்ட்ஸ்காரர்களிடம் துணிந்து வாதாடலாம்.

தி.நகர்வாசிகள் நந்தனத்தில் மெட்ரோ ஏறினால் இருபது நிமிடம் சொச்சத்தில் விமான நிலையம். மாம்பலத்தில் மின்சார ரயில் பிடித்துத் திரிசூலத்தில் இறங்கினாலும் எதிரேதான். அடையாறுக்காரர்கள் ஆட்டோவில் சின்னமலை வந்து மெட்ரோவுக்கு மாறலாம். காலை ஆறு மணி விமானத்துக்கு மட்டும் மெட்ரோவை நம்பாதீர்கள்: முதல் வண்டி ஓடத் தொடங்கும் ஐந்து மணிக்கே உங்கள் கவுன்டர் மூடியிருக்கும்.

சிங்கப்பூரில் இன்டர்வியூவா? டிக்கெட்டில் இறங்கும் நேரம் அந்த ஊர்க் கடிகாரப்படி. நம்மைவிட இரண்டரை மணி முன்னால். இரவு பதினொன்றரைக்குக் கிளம்பி காலை ஆறரைக்கு இறங்குவதாக இருந்தால், ஏழு மணி நேரத் தூக்கம் என்று நினைக்காதீர்கள். பறப்பது நாலரை மணி நேரம்தான், அதிலும் நடுவில் சாப்பாட்டுக்கு எழுப்புவார்கள். முடிந்தால் முதல் நாளே போய்விடுங்கள்.

பெங்களூரிலேயே எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை என்றால், விமானத்தையும் ரயிலையும் இரண்டையும் மறந்துவிடலாம். தேவனஹள்ளி ஊருக்கு வடக்கே, எலக்ட்ரானிக் சிட்டி தெற்கே. ஓசூர் வழியாகப் போகும் நம்ம ஊர் இரவுப் பேருந்து அதைத் தாண்டித்தான் நகருக்குள்ளேயே நுழைகிறது.